வண்டியின் நாடி

எஞ்சின் உருவம் வரைந்த சிறு மஞ்சள் விளக்கு ஒன்று மோட்டார் வண்டியின் முகப்பிலே எரியத் தொடங்குகிறது. வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டுகிறவருடைய மனந்தான் அங்கேயே நின்றுவிடுகிறது. எந்த நோயின் அறிகுறியோ, எவ்வளவு செலவு வைக்குமோ என்ற கவலையுடன் அவர் பட்டறையை நாடுகிறார். அங்கே ஒருவர் கையடக்கமான ஸ்கேனர் ஒன்றை வண்டியில் மாட்டி, ஒரு நிமிஷம் உற்று நோக்கிவிட்டு, ஒரு பெருந்தொகையைச் சொல்லுகிறார். கருவியில் அவர் கண்டது என்ன என்பது அவருக்கும் கருவிக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாக இருந்துவிடுகிறது.

அது உண்மையில் இரகசியமே அன்று. வண்டிக்கு உரியவரே அந்த நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். அதற்குச் சட்டமே வழி செய்து வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் பல்லாண்டுகள் வாட்டி வந்தது. மோட்டார் வண்டிகளே அதற்கு முக்கிய காரணமாயிருந்தன. புதிதாக இருக்கையில் சுத்தமாக மூச்சுவிடும் வண்டி, நாளடைவில் உள்ளுறுப்புக்கள் பழுதாகி நச்சுப் புகையைக் கக்கினாலும், ஓட்டுகிறவர் அதை அறிய வழியில்லை. ஆகவே, வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து விளக்கேற்றிச் சொல்ல வேண்டும் என்று அம்மாகாணத்தார் விதித்தார்கள். 1988-ஆம் வருஷத்து வண்டிகளிலிருந்து அவ்விதி அமலுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் வண்டியும் ஒவ்வொரு பாஷை பேசிற்று. ஒன்றுக்கு வாங்கிய கருவி மற்றொன்றுக்கு உதவவில்லை. இந்தக் குழப்பம் நீங்க, ஒரே வடிவமுள்ள பிளக்கும் பொதுவான குறிகளும் வகுக்கப்பட்டன. ஓ.பி.டி. இரண்டு என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதுக் கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2001-ல் பெட்ரோல் கார்களுக்கு இத்தகைய விதி வந்தது. நம் நாட்டிலும் 2010 முதற்கொண்டு படிப்படியாக வந்து சேர்ந்தது. புகையை அடக்குவதற்காகப் பிறந்த சட்டம், சாமானிய மனிதன் கையில் ஒரு சாவியையும் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம்.

கருவியை இணைப்பது மிக எளிது. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில், மேல்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய பிளக் ஒன்று இருக்கும். வரிசைக்கு 8 வீதம் இரண்டு வரிசைகளில் 16 முனைகளுக்கு அதில் இடமுண்டு. 16-வது முனையில் பாட்டரியின் மின்சாரம் வருகிறது. 4-ம் 5-ம் தரைத் தொடர்பு. ஆகையால் ஸ்கேனருக்குத் தனியே மின்சாரம் வேண்டியதில்லை. தற்கால வண்டிகளில் செய்தி போவதும் வருவதும் 6, 14 ஆகிய இரு முனைகளின் வழியே. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986-ல் வெளியிட்ட 'கேன்' என்னும் முறைப்படி அவை பேசிக்கொள்ளுகின்றன.

வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்தபின் கருவியைச் செருக வேண்டும். பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் போதும். சில விநாடிகளில் வண்டி தன் குறையை ஓர் எழுத்தாலும் நான்கு இலக்கங்களாலும் தெரிவிக்கும். 'பி 0301' என்றால் முதலாவது சிலிண்டரில் எரிப்புத் தவறுகிறது. 'பி 0420' என்றால் புகையைச் சுத்தி செய்யும் பெட்டி சரியாக வேலை செய்யவில்லை. பழுது தோன்றிய சமயத்தில் வேகம் என்ன, எஞ்சினின் சூடு என்ன என்பதையும் வண்டி குறித்து வைத்திருக்கும். இவை அனைத்தையும் முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நலம். அவசரப்பட்டு அழித்துவிட்டால் விளக்கு அணையும், நோய் அணையாது. அத்துடன் அந்தக் குறிப்புக்களும் போய்விடும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினாலோ, குறியைப் படிக்கக்கூடக் காத்திராமல் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டுவதே உசிதம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. குறி என்பது புகாரே தவிர, தீர்ப்பு அன்று. நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். அவர் வண்டியில் 'பி 0171' என்ற குறி வந்தது. பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று எஞ்சினில் இருக்கிறது என்பது அதன் பொருள். பட்டறைக்காரர் ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றச் சொன்னார். நண்பர் ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி, எஞ்சின் ஓடும்போதே அது காட்டும் எண்களைக் கவனித்தார். வண்டி நின்ற நிலையில் எஞ்சின் வழக்கத்தைவிட நூற்றுக்கு 22 பங்கு அதிகமாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு 2,500 சுற்றாக வேகத்தைக் கூட்டியதும் அது 5 பங்காக இறங்கிவிட்டது. காற்றை அளக்கும் கருவிக்கு அப்பால் எங்கேயோ கள்ளவழியாகக் காற்று நுழைகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். எஞ்சின் நிதானமாக ஓடும்போது உள்ளே போகும் காற்றே சொற்பம். ஆகையால் கள்ளக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். தேடிப் பார்த்ததில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. சென்ஸாரோ உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்ன சாட்சியைத் தூக்கிலிட இருந்தார்கள்!

பட்டறைக்காரர்கள் எல்லோரும் வஞ்சகர்கள் என்று நாம் கூற வரவில்லை. கை தேர்ந்த மெக்கானிக்கின் காதும் கண்ணும் எந்தக் கருவிக்கும் வராது. ஆனால் குறியைத் தெரிந்துகொண்டு அவரிடம் செல்லுகிறவர், கேட்க வேண்டிய கேள்வியோடு செல்லுகிறார். அவ்வளவே நாம் விரும்புவது.

பொதுவான ஸ்கேனருக்கு எல்லைகளும் உண்டு. புகை சம்பந்தமான விஷயங்களையே சட்டம் அதற்குத் திறந்து வைத்தது. பிரேக், காற்றுப்பை முதலியவற்றைப் பற்றிய செய்திகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தக் குறிகளிலே பூட்டி வைத்துக்கொள்ளலாம். 2018-ஐ ஒட்டி, சில கம்பெனிகள் பிளக்குக்கும் வண்டியின் மூளைக்கும் நடுவே காவல் ஒன்றையும் வைத்தன. குறிகளைப் படிக்க அது விடும். மாறுதல் எதுவும் செய்வதானால் கம்பெனியின் அனுமதி வேண்டும். திருடர்களைத் தடுக்க இது அவசியம் என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்துமானால் என்ன செய்வது?

இக்கேள்விக்கு மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மக்கள் விடை தந்தார்கள். 2012-ல், பழுது பார்ப்பதற்கு வேண்டிய தகவல்களைக் கம்பெனிகள் எல்லோருக்கும் தரவேண்டும் என்று வாக்களித்தார்கள். வண்டிகள் கம்பியின்றியே கம்பெனிக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியதும், 2020-ல் அச்செய்திக்கும் அந்த உரிமையை விரிவாக்கினார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் அதை ஆதரித்தனர்.

விலை கொடுத்து வாங்கிய வண்டி தன் நோயை யாரிடம் சொல்லவேண்டும்? வாங்கினவரிடமா, விற்றவரிடமா? டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள அந்தச் சிறு பிளக்கில் அடங்கியிருக்கும் விவகாரம் இதுதான். அது இன்று திறந்திருக்கிறது. நேயர்கள் ஒருமுறை குனிந்து, தங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொள்வார்களாக.