வேலி போடாத கிராமம்

இங்கிலாந்து நாட்டுப்புறத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வேலிகள்தாம். பச்சைப் புதர்வேலிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி சட்டம் போட்டுச் செய்த வேலை. 1604-க்கும் 1914-க்கும் இடையே பாராளுமன்றம் 5,000-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தையும் பொது வயல்களையும் தனித்தனியாக அடைத்துக் கொடுத்தது. ஒரு பசுவை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அந்த நிலத்தை நம்பியிருந்த ஏழைகள் பலர் வெறும் கூலிகளானார்கள்.

இந்த அலையில் அடித்துச் செல்லப்படாமல் நின்ற ஊர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிறது, சில நூறு பேர் வாழும் சிற்றூர். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பார்க்க விரும்பியது இதைத்தான். பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லையாம்!

ஊரைச் சுற்றி மூன்று பெருவயல்கள்: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். வேலியும் கிடையாது, நம் ஊர் போல வரப்பும் கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் நீள நீளத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரவேண்டும் என்பது பழைய கணக்கு. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது ஓய்வு. வருடா வருடம் முறை மாறும். தன் துண்டில் மட்டும் தனக்குப் பிடித்ததை விதைக்க யாருக்கும் உரிமையில்லை. வீடுகளும் நிலத்தில் தனித்தனியாக இல்லாமல் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன.

1635-இல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் இந்த ஊரை அளந்து ஒரு வரைபடம் தயாரித்தார். மூலப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அதில் உண்டு. நடுநடுவே உழுகிறவர், அறுக்கிறவர், வேட்டையாடுகிறவர் என்று சின்னச் சின்ன மனித உருவங்கள். சங்கிலி பிடித்து நிலம் அளந்து பழகிய எனக்கு அதன் அச்சுப்படியை விட்டு நகர மனம் வரவில்லை.

வேலி இல்லாவிட்டால் எல்லை எப்படி நிற்கும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நவம்பர் இறுதியில், கோதுமை விதைத்த வயலை ஜூரி சுற்றிப் பார்க்கும். ஜூரி என்றால் வேறு யாருமில்லை, அதே ஊர் விவசாயிகள்தாம். எல்லை மங்கிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையிலோ, 'சைக்' எனப்படும் பொதுப் புல்தரையிலோ (நம் கணக்கில் மேய்ச்சல் புறம்போக்கு) யாராவது ஒரு சால் கூடுதலாக உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் என்ற மதுக்கடையில் 'கோர்ட் லீட்' கூடும். அங்கே அபராதம் முடிவாகும், சில பவுண்டுகள்தான். அடுத்த ஆண்டு ஜூரியும் அங்கேயே பதவிப் பிரமாணம் எடுக்கும்.

ரயில்வேயில் எங்களுக்கும் நில எல்லைக்கற்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை உண்டு. ஒரு வருடம் பார்க்காமல் விட்டால் எல்லைக்கல்லுக்குக் கால் முளைத்துவிடும். லாக்ஸ்டனில் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே. சிறிய அபராதமும் உறைப்பது அதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் அல்லவா பெயர் படிக்கப்படுகிறது!

இந்த ஊர் மட்டும் தப்பியதற்குக் காரணம் யாருடைய தொலைநோக்கும் அல்ல. அங்கே நிலம் வைத்திருந்த மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் ஒத்துப்போகாததால் அடைப்பு வேலை நடக்கவில்லை என்கிறார்கள். பெரிய மனிதர்களின் சச்சரவால் ஊருக்கு நன்மை விளைந்தது அபூர்வம்தான்.

பிறகு 1952-இல் மான்வர்ஸ் பிரபு தம் நிலத்தை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1977-இல் இத்தகைய பழைய ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் பறித்தபோது லாக்ஸ்டனுக்கு விலக்குக் கிடைத்தது. 1981-இல் நிலம் அரசச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போய், 2020-இல் மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பி வந்தது.

கைமாறியது பெரிய கவலை அல்ல. விவசாயிகள் குறைந்து வருவதுதான் கவலை. இவர்கள் குத்தகைதாரர்கள். பெரிய டிராக்டருக்குச் சின்னத் துண்டு ஒத்துவராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். ஒரு குடும்பம் உழவை விட்டால், அந்த நிலத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஜூரியில் ஓர் ஆள் குறைந்ததுதான். நான்கைந்து பேர் மட்டும் மிஞ்சினால் யார் யாருக்கு அபராதம் போடுவது? வரைபடத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றலாம், ஜூரியை அப்படிக் காப்பாற்ற முடியாது.

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயிலேறி நியூவார்க் நார்த்கேட்டில் இறங்கலாம். அங்கிருந்து காரில் அரைமணிக்குள் லாக்ஸ்டன். கோடையில் போனால் சைக்குகளில் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். களிமண் பூமி, மழை பெய்தால் செருப்பு காலோடு வராது. ரப்பர் பூட்ஸ் எடுத்துச் செல்லுங்கள்.