நாம்பன் முட்டுமுன்

சிவப்புத் துணியைக் கண்டாற் காளை சீறும் என நம்மிற் பலர் நம்புகின்றோம். ஸ்பானியக் காளைப்போரிலும் அதனைத் தூண்டுவது துணியின் நிறமன்று, அசைவே.

நாம் அஞ்சவேண்டிய அறிகுறி வேறு. நாம்பன் முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, விலாப்புறத்தை நமக்குக் காட்டி நிற்குமாயின், தன் பருமனைக் காட்டி அச்சுறுத்துகின்றது என்பது பொருள். மண்ணைக் காலாற் கிளறினால் ஆபத்து மேலும் அண்மித்துவிட்டது. அவ்வேளை புறங்காட்டி ஓடலாகாது. ஓட்டத்தில் அது நம்மை வென்றுவிடும். அதனைக் கவனித்தவாறே மெல்லப் பின்வாங்கிப் படலையை அடைதல் வேண்டும். (படலை எங்கேயென்று நுழையுமுன்னரே பார்த்துக்கொள்வது நன்று!)

கையாற் பாலூட்டித் தனியே வளர்த்த கன்று சாதுவென்றெண்ணி, சிறுவரை அதனோடு முட்டி விளையாட விடுகின்றோம். தன்னினத்தோடு பழகாத அக்கன்று, வளர்ந்தபின் மனிதரையே போட்டியாளராகக் கருதி முட்ட வரும். அப்போது அதன் எடை பல அந்தர்.