தந்தை தந்த பிரதியின் மௌனம்

இத்தாலியில் வெரோனா நகரத்துக் காஸ்டல்வெக்கியோ அருங்காட்சியகத்தில், செம்பட்டைத் தலைச் சிறுவன் ஒருவன் பொம்மைப் படம் ஒன்றைக் கையில் ஏந்தி வாய்கொள்ளாமல் சிரிக்கும் பழைய ஓவியம் இருக்கிறது. விடுமுறையில் அதைக் கண்ட ஹாரி ஏஞ்சல்மன் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், ஓயாத சிரிப்பும், பேச்சு வராத நாவும், கயிற்றால் இழுபடும் பாவையைப் போல வெட்டிவெட்டி நடக்கும் நடையும் கொண்டு தம்மிடம் வந்த மூன்று குழந்தைகளை நினைவுகூர்ந்து, அவர்களைப் பற்றி 1965-ல் எழுதினார். அந்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

15-ஆம் குரோமோசோமில் உள்ள யூ.பி.இ.3ஏ என்ற மரபணுவைத் தாய் ஒன்று, தந்தை ஒன்று என இரண்டு பிரதிகளாக நாம் பெறுகிறோம். ஆயினும் மூளையின் நரம்பணுக்களில் தாய் தந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. அது இல்லாமற்போனாலோ கெட்டுப்போனாலோ இந்த நோய் வருகிறது. தந்தை தந்த பிரதியோ ஓர் எழுத்தும் பிழையின்றிப் பக்கத்திலேயே இருந்தும் வாய் திறப்பதில்லை. இதைவிடத் துயரமான விசித்திரம் மரபியலில் அதிகம் இல்லை என்பேன்.

அதன் வாயை அடைப்பது எது? டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்றைப் பார்த்து ஒரு மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் அதே இடத்தில், மற்ற இழையைப் பார்த்து எதிர்முகமாகவும் சில சமயம் ஒரு படி உண்டாகிறது. இயற்கையான எதிர்த்திசைப் படி என்பது இதுவே. தந்தையின் குரோமோசோமில் நெடுந்தொலைவில் தொடங்கும் அத்தகைய படியெடுப்பு ஒன்று, பிற உயிரணுக்களில் பாதிவழியிலேயே நின்றுவிட, நரம்பணுக்களில் மட்டும் யூ.பி.இ.3ஏ வரை ஓடிவருகிறது. ஒற்றை வரப்பில் எதிரெதிரே வந்த இருவர் போலப் படியெடுக்கும் நொதிகள் முட்டிக்கொள்ள, மரபணுவின் படி முற்றுப்பெறாமல் போகிறது என்பதே இதற்கு ஆராய்ச்சியாளர் பெரிதும் கூறும் விளக்கம்.

அப்படியானால் பழுதுபார்க்க வேண்டியது மரபணுவை அன்று. குறுக்கே வருவதைத் தடுத்தால் போதும். 2015-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், எதிர்த்திசைப் படியோடு ஒட்டி அதை அழிக்கச்செய்யும் குறுகிய செயற்கை நியூக்ளிக் அமிலத் துணுக்கை நோயுற்ற எலிகளின் மூளையில் செலுத்தியபோது, தந்தையின் பிரதி விழித்தது. நினைவாற்றலும் ஓரளவு மீண்டது. அவ்வழியில் மனிதரிடமும் சோதனைகள் நடந்துவருகின்றன. ஆனால் மரபணுவை வெவ்வேறு வயதில் மீட்டெழுப்பிப் பார்த்த மற்றோர் எலி ஆய்வில், உடலியக்கக் குறை வளரிளம் பருவத்திலும் திருந்தியது. வேறு சில குறைகளோ மிக இளம் பருவத்தில் தொடங்கினாலன்றித் திருந்தவில்லை. மனிதக் குழந்தையிடமோ, வளர்ச்சியின் தாமதமே 6 முதல் 12 மாதங்களுக்குள்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது.