கடல் நடுவே ஒரு குடித்தனம்

பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து பவளத்தீவுகள். பாய்மரப் படகையே வீடாக்கித் தீவு தீவாகச் சுற்றும் குடும்பங்களை இங்கே பார்க்கலாம்.

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். பாத்திரம் துலக்குவது கடல்நீரில். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர்.

மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பவளப்பாறை மீன்களில் ‘சிகுவாட்டெரா’ நோயை உண்டாக்கும் நச்சு இருக்கலாம். வாசனையில் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. உள்ளூர்க்காரர்களைக் கேட்ட பிறகே சட்டி அடுப்பில் ஏறும்.

இரவில் காற்று திசை மாறினால், நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று யாராவது எழுந்து பார்த்தே ஆக வேண்டும். பாறையில் மோதினால் வீடே போய்விடும்!

அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது, அந்த ஒரு குவளையை நினைத்துக்கொள்ளுங்கள்.