காரியவட்டத்தில் கரையேறிய கிரிக்கெட்

இன்னொரு சர்வதேசப் போட்டியைப் பார்க்க 29 ஆண்டுகள் காத்திருந்தது திருவனந்தபுரம். புதிய ஸ்டேடியம் கிடைத்துவிட்டது. அதைக் கட்டிக்காப்பதுதான் இனிமேல் சவால்.

கேரளத் தலைநகரின் கிரிக்கெட் கதையில் மழைக்கும் ஒரு பாத்திரம் உண்டு. 1984 அக்டோபர் 1. நகரின் மையத்தில், பாளையத்தில் உள்ள பல்கலைக்கழக மைதானம். கிம் ஹியூஸ் தலைமையிலான ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா 175 ரன்னுக்குச் சுருண்டது. வெங்சர்க்கார் மட்டும் 77. ஆஸ்திரேலியா ஒரு விக்கெட்டுக்கு 29 ரன் எடுத்திருந்தபோது மழை குறுக்கிட, ஆட்டம் முடிவில்லாமல் கைவிடப்பட்டது.

1988 ஜனவரி 25ஆம் தேதி மேற்கிந்தியத் தீவுகள் வந்தது. சென்னையின் ஸ்ரீகாந்த் 101 ரன் விளாசியும் பலனில்லை. சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104, கிரீனிட்ஜ் 84. இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அத்துடன் நகரில் சர்வதேச ஆட்டம் நின்றது. 1998இல் கொச்சி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு ஒருநாள் போட்டி வந்தபோது, கேரள ரசிகர்களின் கண்களும் அங்கே திரும்பின.

புதிய வாய்ப்பைத் தந்தது தேசிய விளையாட்டுப் போட்டி. 2015இல் அதன் தொடக்க விழாவுக்காக, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் 36 ஏக்கர் நிலத்தில் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் எழுந்தது. தனியார் நிறுவனம் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

'பெவிலியன்' என்ற சொல்லுக்கு ஆதியில் கூடாரம் என்று பொருள். அதன் லத்தீன் மூலம் பட்டாம்பூச்சியைக் குறிக்கும். பழைய கிரிக்கெட் மைதானங்களில் அது தனித்து நிற்கும் ஒரு கட்டடம்: உடை மாற்றும் அறைகள், முன்னால் தாழ்வாரம், ஓரமாக ஸ்கோர் எழுதுபவர்கள். காரியவட்டம் போன்ற புதிய ஸ்டேடியங்களிலோ வட்டமாகச் சுற்றிவரும் காலரிகளுக்குள் அது ஒரு பகுதியாகக் கரைந்துவிட்டது. கட்டடக்கலையின் சாமர்த்தியம் கண்ணில் படாத இடத்தில், புல்லுக்கு அடியில் இருக்கிறது.

2017 நவம்பர் 7, நியூசிலாந்துடன் டி20. துலாவர்ஷம் கொட்டித் தீர்த்த நாள். 1984 திரும்பிவிடுமோ என்று பலர் அஞ்சினர். ஆனால் நீர் வடியும் வசதியும் பணியாளர்களின் உழைப்பும் ஆட்டத்தைக் காப்பாற்றின. ஆளுக்கு 8 ஓவர்தான். இந்தியா 67, நியூசிலாந்து 61. அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி இன்னொரு கணக்கும் தீர்ந்தது: மேற்கிந்தியத் தீவுகளை 104 ரன்னில் சுருட்டி, அதே 9 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது.

ஆனால் கோப்பையைப் போல ஸ்டேடியத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட முடியாது. புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஸ்டேடியத்தைக் கட்டிய நிறுவனத்தின் தாய்க் குழுமமான ஐ.எல்.&எஃப்.எஸ். 2018இல் கடனில் மூழ்கியது. 2021இல் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு மைதானம் கொடுக்கப்பட்டது. இங்கே நடக்கவிருந்த மகளிர் கிரிக்கெட் தொடர் லக்னோவுக்குப் போனது.

2023 ஜனவரி 15ஆம் தேதி இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் இந்தியா வீழ்த்தியது, அப்போது அது ஒருநாள் போட்டிகளில் உலக சாதனை. கோலி ஆட்டமிழக்காமல் 166. இருந்தும் காலரிகளில் ஏராளமான இருக்கைகள் காலி. கேளிக்கை வரி 12 சதவீதமாக உயர்ந்ததும் சர்ச்சையானது. பாளையம் நகரின் நடுவில் இருந்தது. காரியவட்டத்துக்குச் சுமார் 15 கி.மீ. பயணம். மழையைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட ஸ்டேடியம், இனி ரசிகனின் பாக்கெட்டையும் கவனித்தாக வேண்டும்.