முகவரி இல்லாத முட்டை

கண்டி மத்திய சந்தையிலோ கட்டுகஸ்தோட்டைக் கடைகளிலோ பத்து முட்டை கேட்டால், தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தாள் பையில் போட்டுத் தருவார்கள். எந்தப் பண்ணை, எப்போது வந்தது என்ற விவரமெல்லாம் தட்டோடு கடையிலேயே நின்றுவிடும். 2010இல் சல்மொனெல்லாக் கிருமியால் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணைகளின் 50 கோடிக்கும் அதிகமான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. அங்குள்ளவர்கள் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் திகதியையும் பார்த்து, தங்கள் வீட்டு முட்டை அதில் சேர்ந்ததா என்று அறிந்துகொண்டார்கள். நமது தாள் பையில் பார்க்க எதுவுமில்லை.

ஆகவே வாங்கும்போதே பண்ணையின் பெயரைக் கேளுங்கள். தட்டில் ஏதாவது அச்சிட்டிருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டும் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்.

சல்மொனெல்லா ஓட்டின் மேல் மட்டும் இருப்பதல்ல. கோழியின் சூலகத்திலேயே தொற்றிக்கொண்டால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். தண்ணீரில் மிதக்கிறதா, தாழ்கிறதா என்று பார்ப்பது பழசா புதுசா என்பதைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. கண்டிக் குளிரை நம்பி வெளியே வைப்பதும் சரியில்லை. 25 பாகை வெப்பம் கிருமிக்குத் தாராளம்.

எனக்கு மிகவும் கவலை தருவது பச்சை முட்டைதான். வயதுக்கு வந்த பிள்ளைக்கு விடியற்காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளையின் இடுப்புக்குப் பலம் வரவேண்டும் என்ற ஆச்சியின் அக்கறை அது. அந்த அக்கறை அப்படியே இருக்கட்டும். முட்டையை மட்டும் அதே நல்லெண்ணெயில் மஞ்சள்கரு இறுகும்வரை பொரித்துக் கொடுங்கள். முட்டைக்கோப்பிக்கும் அரைவேக்காட்டுக்கும் இதே கதைதான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

ஒரு பண்ணையின் முட்டையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அவித்துத் தின்னலாம் என்று வைத்திருக்க வேண்டாம். நாய்க்கும் போட வேண்டாம். உடைக்காமல் பையில் கட்டிக் கடையில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். முட்டை இருந்த கிண்ணம், குளிர்சாதனப் பெட்டித் தட்டு, கை மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சாப்பிட்ட 6 மணித்தியாலம் முதல் 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம். ஜீவனி கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டது, எங்கே வாங்கியது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். உணவு நஞ்சாதல் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

மிச்சமிருக்கும் முட்டையை எறியாமல் தனியாகக் கட்டிவைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிவியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுக்கவும் பொருளைக் கைப்பற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்; நட்டஈடு கேட்பதென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு அப்போதுதான் கைகொடுக்கும்.