நிலம் வாங்குமுன்…

துறைமுகப் பணியினின்று ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், சிற்றூரில் நிலம் வாங்கிக் குடியேறப் போவதாகக் கூறி, இராயபுரத்தை விட்டு விடைபெற வந்தார். ஆலைப் புகை சலித்துவிட்டதாம். "நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் உங்கள் மனைவிக்கு, அங்கே மருத்துவமனை எவ்வளவு தொலைவு?" என வினவினேன். அவரிடம் விடையில்லை. ஸ்டான்லி மருத்துவமனையின் அருகில் வாழ்ந்து பழகிய நாம் இக்கேள்வியையே மறந்துவிட்டோம்.

மருத்துவர் இல்லாத ஊரில் தற்சார்பு இயலுமா? தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இதற்கு வழிகாட்டுகிறது. 1993-இல் அங்குக் குடியேறிய மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சிறு குடிசையொன்றில் பணி தொடங்கினர். அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே மகப்பேறு, குழந்தை நலப் பயிற்சி அளித்தனர். சிசு மரணம் பெருமளவு குறைந்தது.

ஆகவே, குடியேறுமுன் குடும்பத்தில் இருவரேனும் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் தடைப்படும் நாளில், ஈரம் காயாத மண்பானைக்குள் இன்சுலினை நனையாமல் வைத்துக் காக்கலாம். பாம்பு தீண்டினால் கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தற்சார்பு என்பது மருத்துவரைத் துறத்தலன்று. அவரை அடையும்வரை உயிரைக் காத்தலே ஆகும்.